கெளிற்றின் விஞ்ஞானப் பெயரைப் பிரித்து வாசிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்துக் குருநகரிலோ பாசையூரிலோ கரைக்கு வரும் மீன்களுள் மீசையும் முள்ளும் செதிலில்லாத வழுவழுத்த தோலும் உடையது எதுவானாலும் அது கெளிறு. சிலர் கெளுத்தி என்பார்கள். விலை பேசுபவருக்கும் குழம்பு வைப்பவருக்கும் அந்த ஒரு சொல் போதும். ஆனால் அதே கூடைக்குள் பல இனங்கள் கலந்து கிடக்கும். ஒன்றின் முள்ளில் கடும் விஷம் இருக்கும். இன்னொன்றின் ஆண், சிறு போளையளவு பருத்த முட்டைகளை வாய்க்குள் வைத்துக் குஞ்சு பொரிக்கும்வரை காக்கும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டு ஆராய்ச்சியும் செய்ய முடியாது, மருத்துவமும் செய்ய முடியாது.

வாளை என்ற சொல்லையே பாருங்கள். வன்னிக் குளத்து வாளை மீசையுள்ள நன்னீர் மீன். யாழ்ப்பாணக் கடற்கரையில் வாளை என்றால் நினைவுக்கு வருவது நாடாப் போல நீண்ட சாவாளை. இரண்டுக்கும் உறவே இல்லை.

விஞ்ஞானப் பெயர் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்தது. ஆனால் எங்கள் மாணவர்களுக்கு அது மனனம் செய்யவேண்டிய இன்னொரு சுமையாகவே கையளிக்கப்படுகிறது. உண்மையில் ஒவ்வொரு பெயரும் ஒரு பழைய பதிவேட்டின் வரி: யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் இந்த மீனில் எதையோ கவனித்தார் என்பதற்கான குறிப்பு. அந்த வரியை வாசிக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உயர்தர உயிரியல் படிப்பவர்கள், வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள், சந்தையில் வாங்கிய மீனை அடையாளம் காண விரும்புபவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும்.

படி 1: பெயரை நான்கு துண்டாக்குங்கள்

மிஸ்டஸ் விட்டாட்டஸ் (புளொக், 1794). இதில் முதற்சொல் சாதிப் பெயர். இரண்டாவது இனத்துக்கு உரிய அடைமொழி. மூன்றாவது, அந்த இனத்தை முதன்முதலில் விவரித்து வெளியிட்டவர். நான்காவது, வெளியிட்ட ஆண்டு. எங்கள் பாடநூல்கள் சாதி, இனம் என்பவற்றைத் தமிழகத்துப் பாடநூல்கள் பேரினம், சிற்றினம் என்று எழுதுகின்றன. இணையத்தில் தேடுபவர்கள் இரண்டையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

விலங்குகளின் பெயர்களுக்குத் தொடக்க ஆண்டு 1758. சுவீடன் நாட்டு லின்னேயஸ் தம் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்ட ஆண்டு அது. அதற்கு முந்திய பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது. அதன் பின் ஒரே இனத்துக்கு இருவர் பெயர் வைத்திருந்தால், பொதுவாக முந்தியதே நிற்கும்.

அடைப்புக்குறியைப் பலர் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அதற்குப் பொருள் உண்டு. ஆசிரியர் பெயர் அடைப்புக்குள் இருந்தால், அவர் அந்த மீனை வேறொரு சாதியில் வைத்திருந்தார், பின்வந்தவர்கள் இடம் மாற்றினார்கள் என்று அர்த்தம். புளொக் 1794இல் இதற்கு வைத்த பெயர் சிலூரஸ் விட்டாட்டஸ். அந்தக் காலத்தில் மீசை வைத்த மீன்களில் பெரும்பாலானவற்றைச் சிலூரஸ் என்ற ஒரே சாதிக்குள் திணித்தார்கள். சந்தையில் எல்லாவற்றையும் கெளிறு என்பதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை. புளோட்டோசஸ் லிம்பாட்டஸ் வலென்சியன், 1840 என்பதில் அடைப்புக்குறி இல்லை. அது பிறந்த சாதியிலேயே இன்றும் இருக்கிறது.

இங்கே ஒரு நடைமுறை எச்சரிக்கை. தமிழ் எழுத்தில் இப்பெயர்களை எழுதினால் வாய்விட்டு வாசிக்கலாம், ஆனால் தேட முடியாது. இலத்தீன் எழுத்தில் வேறுபடும் ஒலிகள் பல தமிழில் ஒரே எழுத்தில் அடங்கிவிடும். எனவே குறிப்பேட்டில் இலத்தீன் எழுத்திலும் ஒருமுறை, எழுத்துப் பிசகாமல், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதும்போது சாதியின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து, இரண்டு சொல்லும் சாய்வெழுத்து.

படி 2: ஈற்றைப் பாருங்கள்

இலத்தீன் தெரியாதவர்களுக்குப் பெயரின் வால்தான் முதல் துப்பு.

என்சிஸ் என்று முடிந்தால் இடத்துக்கு உரியது. ஒம்பொக் சிலோனென்சிஸ் என்றால் இலங்கைக்கு உரிய ஒம்பொக். சிலானிக்கஸ் என்பதும் அதே பொருளைத் தருவதுதான். ஈறு மட்டும் வேறு. 'இ' என்று முடிந்தால் பெரும்பாலும் ஓர் ஆணின் பெயர், 'ஏ' என்று முடிந்தால் ஒரு பெண்ணின் பெயர், 'ஓரம்' என்று முடிந்தால் பலரைச் சேர்த்துக் கௌரவித்தது.

ஆள் பெயர்களில் எங்களுக்கு நெருக்கமானது ஹோராகிளானிஸ் அப்துல்கலாமி. 2012இல் கேரளத்திலிருந்து விவரிக்கப்பட்ட குருட்டுக் கெளிறு அது. பாக்கு நீரிணைக்கு அக்கரையில் இராமேசுவரத்தில் பிறந்தவரின் பெயர், நிலத்தடி நீரில் வாழும் ஒரு சின்னஞ்சிறு மீனுக்குப் போயிருக்கிறது. ஹோராகிளானிஸ் என்ற சாதிப் பெயரும் ஓர் ஆளைச் சுமக்கிறது: இந்திய மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா. கிளானிஸ் என்பது கிரேக்கர் கெளிற்றுக்கு வைத்திருந்த பழைய பெயர். இந்தச் சாதியின் முதல் இனம் 1950இல் கோட்டயத்துக் கிணறுகளிலிருந்து விவரிக்கப்பட்டது. கண்ணும் இல்லை, தோலில் நிறமும் இல்லை. கிணற்று நீரையே நம்பி வாழும் எங்கள் குடாநாட்டில், வாளியில் ஏதாவது வெளிறிய உயிரினம் வந்தால் அதை வீசுவதற்கு முன் ஒரு கணம் உற்றுப் பார்ப்பது நட்டமில்லை என்று இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

ஆள் பெயரில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அரிஸ்டோட்டில், கிரேக்க ஆறுகளில் கிளானிஸ் என்ற மீனின் ஆண் முட்டைகளைக் காவல் காப்பதாக எழுதிவைத்தார். பிற்கால ஐரோப்பியர் தம் நாட்டுக் கெளிற்றோடு அதை ஒப்பிட்டு, கதை என்று ஒதுக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் மீனியல் அறிஞர் லூயி அகாசி கிரேக்கத்திலிருந்து மீன்களை வரவழைத்துப் பார்த்தபோது அது வேறோர் இனம் என்று தெரிந்தது. அதற்குச் சிலூரஸ் அரிஸ்டோடெலிஸ், அதாவது அரிஸ்டோட்டிலின் சிலூரஸ், என்ற பெயர் கிடைத்தது. ஐரோப்பாவின் மாபெரும் கெளிற்றின் பெயர் சிலூரஸ் கிளானிஸ். சிலூரஸும் கிளானிஸும் இரண்டுமே பண்டைக் காலத்தில் கெளிற்றைக் குறித்த சொற்கள். ஆக, அந்தப் பெயரின் பொருள் 'கெளிற்றுக் கெளிறு' என்பதுதான். லின்னேயஸ் அன்று அதிகம் யோசிக்கவில்லை போலும்.

எல்லா ஆள் பெயரும் இவ்வளவு கனமானவை அல்ல. 2015இல் விவரிக்கப்பட்ட பெக்கோல்டியா கிரீடோய் என்ற கெளிறு, ஸ்டார் வோர்ஸ் படத்தில் வரும் கிரீடோ என்ற பாத்திரத்தின் முகச்சாயலுக்காகப் பெயர் பெற்றது.

ஈற்றில் கவனிக்கவேண்டிய இன்னொன்று பால். இலத்தீனில் அடைமொழி, பெயர்ச்சொல்லின் பாலுக்கு இணங்க மாறும். நல்லன், நல்லள், நல்லது என்று படித்த எங்களுக்கு இது புதிதல்ல. சந்தைக்கு வரும் பெரிய கடற்கெளிறு நெடுங்காலம் அரியஸ் தலசினஸ் என்று எழுதப்பட்டது. இப்போது நெட்டூமா தலசினா. சாதி ஆண்பாலிலிருந்து பெண்பாலுக்கு மாறியதால் அடைமொழியின் வாலும் மாறியது. எழுத்துப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். பொருள் இரண்டிலும் ஒன்றுதான்: கடலுக்கு உரியது. மீன்தொட்டிக்காரர்களுக்கு நன்கு தெரிந்த கொரிடோரஸ் பலேயாட்டஸும் 2024இல் வந்த வகைப்பாட்டு மாற்றத்தின் பின் ஹொப்ளிசோமா பலேயாட்டம் ஆகியிருக்கிறது. அங்கே ஆண்பால் அஃறிணையானது.

படி 3: சாதிப் பெயரின் கிரேக்கத் துண்டுகளை அறிந்துகொள்ளுங்கள்

பத்துப் பன்னிரண்டு வேர்கள் தெரிந்தால் கெளிறுகளின் பாதிச் சாதிப் பெயர்கள் திறந்துகொள்ளும். ஸ்டோமா என்றால் வாய். ப்டெரோன் என்றால் செட்டை. ஒடூஸ் அல்லது ஒடோன் என்றால் பல். கெஃபலே தலை, சோமா உடல், ஊரா வால். ப்ரகிஸ் குட்டை, ப்ளாட்டிஸ் தட்டை, ஹைப்போ கீழே, சூடோ போலி. இவற்றை ஒட்டிப் பாருங்கள். ப்ரகிப்ளாட்டிஸ்டோமா: குட்டைத் தட்டை வாய். சூடோப்ளாட்டிஸ்டோமா: போலித் தட்டை வாய். இரண்டும் தென்னமெரிக்க ஆறுகளின் பெரிய கெளிறுகள்.

மீன்தொட்டியில் பாசியைத் துப்புரவாக்க வாங்கி, வளர்ந்ததும் எங்கள் நாட்டு நீர்நிலைகளில் விடப்பட்டு இன்று ஆக்கிரமிப்பு இனமாகிவிட்ட மீனின் சாதிப் பெயர் ப்டெரிகோப்ளிக்திஸ். உடைத்தால்: செட்டை, ஆயுதம், மீன். கவசத் தகடுகளையும் முள் செட்டையையும் தொட்டுப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. வாய் வயிற்றுப் பக்கம் இருப்பதால் அதன் உறவுச் சாதிக்கு ஹைப்போஸ்டோமஸ், 'கீழ்வாய்', என்று பெயர். கடைகளில் ப்ளெக்கோ என்று சொல்வது ப்ளெக்கொஸ்டோமஸ் என்ற அடைமொழியின் மிச்சம்; மடிந்த வாய் என்பது அதன் பொருள்.

கொரிடோரஸ் என்றால் தலைக்கவசமும் தோலும் சேர்ந்தது. மலப்டெரூரஸ் என்ற ஆபிரிக்க மின்கெளிறு 'மென்மை, செட்டை, வால்' என்று உடைகிறது. முதுகின் பின்பகுதியில், வாலை ஒட்டி, முள்ளில்லாத கொழுப்புச் செட்டை இருப்பதைச் சொல்கிறது. அதன் அடைமொழி எலெக்ட்ரிக்கஸ். அதற்குப் பொழிப்புரை வேண்டாம்.

எங்கள் மீன்களுக்கு வருவோம். மிஸ்டஸ் என்பது மீசை என்ற பொருளுடைய மிஸ்டாக்ஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டில் பெலோன் என்ற பிரெஞ்சுக்காரர் மீசையுள்ள மீன்களை அப்படி அழைத்தார்; 1777இல் ஸ்கொபோலி அதைச் சாதிப் பெயராக்கினார். புளோட்டோசஸ் நீந்துவதைக் குறிக்கும் சொல். நீந்தாத மீன் எது என்று கேட்கத் தோன்றும், நியாயந்தான். க்ளாரியஸ் என்பதற்கு உயிர்ப்புள்ளது, துடிப்பானது என்ற பொருளுடைய சொல்லே மூலம். நீரைவிட்டு எடுத்தாலும் நெடுநேரம் சாகாத மீனுக்கு அது பொருந்தும். எனக்கு மிகவும் பிடித்தது ஒஸ்டியோஜெனியோசஸ் மிலிட்டாரிஸ். எலும்பு, தாடி என்ற இரு சொற்கள் சாதியில், படைவீரன் அடைமொழியில். இந்தக் கடற்கெளிற்றின் மீசை மற்றவற்றைப்போலத் துவளாது, விறைத்த எலும்பாக நிற்கும். முறுக்கு மீசைச் சிப்பாய்!

படி 4: கிரேக்கமும் இல்லை, இலத்தீனும் இல்லையென்றால் உள்ளூர்ச் சொல்லைத் தேடுங்கள்

பலர் தடுமாறுவது இங்கேதான். அகராதியில் கிடைக்காத ஒரு துண்டு வந்தால், அது தெற்காசிய மொழியொன்றின் மீன்பெயராக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்குப் பெரிதும் காரணமானவர் பிரான்சிஸ் ஹமில்டன். கிழக்கிந்தியக் கம்பனியில் பணியாற்றிய இந்த ஸ்கொட்லாந்து மருத்துவர், கங்கை ஆற்று மீன்களைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில், மீனவர் வாயில் கேட்ட பெயர்களையே எடுத்து இலத்தீன் வால் ஒட்டினார். பங்காஸ் பங்காசியஸ் ஆனது. மாகுர் க்ளாரியஸ் மாகுர் என்ற பெயரில் அப்படியே நிற்கிறது. டெங்ரா மிஸ்டஸ் டெங்காரா ஆனது. எங்கள் களப்புகளின் உவர்நீரிலும் பிடிபடும் மிஸ்டஸ் குலியோவின் அடைமொழியும் வங்கத்து மீனவர் சொல்தான். ஐரோப்பிய மருத்துவர் ஒருவர் எழுத்தறியாத மீனவரின் சொல்லை அப்படியே பதித்துவைத்தது பெரிய காரியம் என்பேன். அவர் கிரேக்க அகராதியைப் புரட்டியிருந்தால் அந்த ஒலிகள் ஏட்டில் ஏறியே இராது.

சில வேளைகளில் அந்த உள்ளூர்ச் சொல் இனத்துக்கும் சாதிக்கும் ஒன்றாகவே வரும்: ரிட்டா ரிட்டா, பகாரியஸ் பகாரியஸ், அரியஸ் அரியஸ். தட்டச்சுப் பிழை அல்ல. ஹமில்டன் வைத்த இனப்பெயரைப் பின்வந்தவர்கள் சாதிக்கும் தூக்கிக்கொடுத்ததால் நேர்ந்தது. விலங்கியல் இதை அனுமதிக்கிறது, தாவரவியல் அனுமதிப்பதில்லை.

இனி எங்கள் பக்கம். வன்னிக் குளத்து வாளையின் பெயர் வல்லாகோ அட்டு. வல்லாகோ தெலுங்கில் இந்த மீனைக் குறிக்கும் வாலுக என்ற சொல்லின் வடிவம். அட்டு என்பது ஆற்று வாளையில் உள்ள 'ஆற்று'. புளொக், ஷ்னைடர் இருவரின் பெயரில் 1801இல் அது அச்சேறியபோது வாளை கழன்று ஆறு மட்டும் எஞ்சியது. பின்னர் சாதிக்குத் தெலுங்கு வாளை வந்து சேர்ந்ததால், ஒரு சுற்றுச் சுற்றி இரு மொழியும் கூடிப் பெயர் நிறைவாகிவிட்டது.

மிஸ்டஸ் கெலெட்டியஸ் என்ற பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கெளுத்தி காதில் விழும். 1840இல் இதை வெளியிட்ட வலென்சியனுக்கு, புதுச்சேரியில் மீன் சேகரித்த லெஷனோ போன்றவர்கள் அனுப்பிய மாதிரிகள் பாரிஸில் கிடைத்தன.

சிங்களத்துக்கும் பங்கு உண்டு. இலங்கையில் 2008இல் விவரிக்கப்பட்ட மிஸ்டஸ் அங்குட்டாவின் அடைமொழி, சிறு கெளிறுகளைச் சிங்களத்தில் அழைக்கும் பெயர். மலாய் மொழி ஒம்பொக் சாதியில் இருக்கிறது. ஆபிரிக்காவின் பெரும் பண்ணைக் கெளிறான க்ளாரியஸ் கரீப்பினஸில் கரீப் என்பது தென்னாபிரிக்காவின் ஒரேஞ்ச் ஆற்றுக்கு அந்நாட்டுப் பழங்குடிகள் வைத்த பெயர்.

படி 5: முதல் மீன் எங்கே பிடிபட்டது என்று கேளுங்கள்

பெயரின் பொருள் அகராதியில் கிடைக்கலாம், காரணம் அங்கே கிடைக்காது. அதற்கு முதல் மாதிரி எந்த ஊரில் எடுக்கப்பட்டது என்று தெரியவேண்டும். இதற்கு உதவக்கூடியவை இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன: கலிபோர்னியா விஞ்ஞானக் கழகத்தின் எஷ்மையர் மீன் பட்டியல் முதல் இடத்தையும் முதல் பெயரையும் தரும், எட்டிஃபிஷ் என்ற தளம் பெயர்க்காரணத்தைத் தரும், ஃபிஷ்பேஸ் படமும் பரம்பலும் தரும். முதலாவதைத்தான் முதலில் திறக்கவேண்டும். மற்றவற்றைப் பார்த்துவிட்டு அங்கே போனால் மனம் ஏற்கெனவே ஒரு விளக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இப்படித் தேடும்போது எங்கள் மீன்களில் அடிக்கடி எதிர்ப்படும் ஊர் தரங்கம்பாடி. 1620 தொடக்கம் டேனிஷ்காரர் கைவசமிருந்த அந்தச் சோழமண்டலத் துறைமுகத்தில் கிறிஸ்டோப் சாமுவேல் ஜோன் என்ற மதபோதகர் வாழ்ந்தார். உள்ளூர் மீன்களைச் சேகரித்துப் பெர்லினிலிருந்த மருத்துவர் மார்க்கஸ் எலீசர் புளொக்குக்கு அனுப்பினார். புளொக் இந்தப் பக்கமே வந்ததில்லை. ஜோனுக்கு நன்றியாக ஒரு மீன் சாதிக்கே ஜோனியஸ் என்று பெயர் வைத்தார்.

அந்த வழியாகப் போன மீன்களுள் ஒன்றுதான் எங்கள் சுங்கான்: ஹெட்டெரோப்நியூஸ்டெஸ் பொசிலிஸ் (புளொக், 1794). பொசிலிஸைப் பார்த்ததும் மாணவர்கள் உயிர்ச்சுவடு என்று எழுதிவிடுகிறார்கள். மீன் உயிரோடுதான் இருக்கிறது. இலத்தீனில் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் 'தோண்டி எடுக்கப்பட்டது'. உயிர்ச்சுவட்டுக்கு அந்தப் பெயர் வந்ததும் மண்ணைத் தோண்டி எடுப்பதால்தான். நீர்நிலை வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் இந்த மீனைத் தோண்டி எடுப்பார்கள் என்ற செய்தியே பெர்லினில் அடைமொழியாயிற்று. ஆனி ஆடியில் குளம் வெடித்துக் கிடக்கும்போது சேற்றைக் கிளறி மீன் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அதை எவரும் விளக்கத் தேவையில்லை.

சேற்றுக்குள் எப்படி உயிர் வாழ்கிறது? அதற்கு விடை சாதிப் பெயரில் இருக்கிறது. ஹெட்டெரோஸ் என்றால் வேறு விதமான. ப்நியூஸ்டெஸ் என்றால் மூச்சுவிடுபவர். பூ (செவுள்) அறையிலிருந்து முதுகுத் தசையூடாகப் பின்னோக்கி நீளும் இரண்டு காற்றுப் பைகள் இதற்கு உண்டு; அவற்றால் வெளிக்காற்றையே சுவாசிக்கும். 1840இல் ஜேர்மன் உயிரியலாளர் யோகான்னஸ் மூல்லர் அந்தப் பெயரை வைத்தார். அதே ஆண்டில் வலென்சியன் சக்கோப்ராங்கஸ், 'பைப்பூ', என்று இன்னொரு பெயர் வைத்தார். இருவரும் பார்த்தது ஒரே உறுப்பை. ஒருவர் அது செய்யும் வேலையைச் சொன்னார், மற்றவர் அதன் வடிவத்தைச் சொன்னார். மூல்லரின் பெயரே நிலைத்தது. பழைய நூல்களில் சக்கோப்ராங்கஸ் பொசிலிஸ் என்று கண்டால் அதுவும் இந்தச் சுங்கான்தான்.

முதல் இடத்தைத் தேடுவதில் இன்னொரு சுவையும் உண்டு. புளோட்டோசஸ் லினியாட்டஸுக்குப் பெயர் வைத்த தன்பேர்க், லின்னேயஸின் மாணவர். ஜப்பானுக்குப் போய்த் திரும்பும் வழியில் 1777இல் இலங்கையிலும் தங்கியவர்.

படி 6: பெயர் இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தவறவிட்டால் முந்திய உழைப்பு முழுவதும் வீண். இலங்கை மீன்கள் பல, இந்திய மீன்களின் பெயராலேயே நெடுங்காலம் அழைக்கப்பட்டன. வடிவம் ஒத்திருந்தது, யாரும் துருவிப் பார்க்கவில்லை. கடந்த இருபது ஆண்டுகளுக்குள் நிலைமை மாறிவிட்டது.

இலங்கையின் மிஸ்டஸ் கெலெட்டியஸ் என்று நாம் படித்தது 2013இல் மிஸ்டஸ் சிலானிக்கஸ் என்ற தனி இனமாயிற்று. இலங்கையின் மிஸ்டஸ் விட்டாட்டஸ் 2016இல் மிஸ்டஸ் நானஸ் ஆயிற்று; நானஸ் என்றால் குள்ளன். ஒம்பொக் பைமாக்குலாட்டஸ், அதாவது இரட்டைப் புள்ளி ஒம்பொக், என்று எழுதப்பட்டு வந்தது இப்போது இலங்கையில் இரண்டாகிவிட்டது: குந்தர் 1864இல் வைத்து மறக்கப்பட்டிருந்த சிலோனென்சிஸ் மீண்டும் உயிர்பெற்றது, 2016இல் அர்கெஸ்டெஸ் என்ற புதிய இனம் சேர்ந்தது. அர்கெஸ்டெஸ் கிரேக்கர் ஒரு காற்றுக்கு வைத்த பெயர்.

எனவே வகுப்பில் பழைய குறிப்பை வைத்துக்கொண்டு 'விட்டாட்டஸ் என்றால் பட்டியுடையது' என்று கற்பிப்பது தவறல்ல, ஆனால் அது அக்கரை மீனின் பெயர். கெலெட்டியஸில் ஒலிக்கும் கெளுத்தியையும் அதே கணக்கில் நாம் அக்கரைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்! எனக்கு இதில் சிறு வருத்தம் உண்டு என்பதை மறைக்கவில்லை. விஞ்ஞானத்துக்கு அது பொருட்டல்ல.

படி 7: பெயரை நம்பி மீனைத் தீர்மானிக்காதீர்கள்

பெயரின் பொருள் ஒரு விவரிப்பு, அது வரைவிலக்கணம் அல்ல. விவரிப்புப் பிழைத்தாலும் பெயர் நிற்கும். மாற்றி நன்றாக வைப்போம் என்பதற்கு விதிகள் இடம் தருவதில்லை.

மக்குலாட்டஸ் என்றால் புள்ளியுள்ளது. அரியஸ் மக்குலாட்டஸை வாங்கிவந்து உடலெங்கும் புள்ளியைத் தேடினால் ஏமாறுவீர்கள். கருமை தெரிவது முதுகின் கொழுப்புச் செட்டையில்தான். கண்ணாடிக் கெளிறு என்று மீன்தொட்டிக் கடைகளில் விற்கப்படும் ஒளிபுகும் மீன், பல ஆண்டுகள் க்ரிப்டொப்டெரஸ் பைசிர்ரிஸ் என்று வேறோர் இனத்தின் பெயரில் திரிந்தது. 2013இல்தான் அதற்குச் சொந்தமாக விட்ரியோலஸ், 'கண்ணாடிச் சாயலுடைய', என்ற அடைமொழி கிடைத்தது. க்ளாரியஸ் பட்ராக்கஸ் என்று உலகம் முழுக்கப் பாடநூல்களில் இருக்கும் 'தவளைக் கெளிறு' உண்மையில் ஜாவாத் தீவுக்குரியது. இந்தியாவில் அப்பெயரால் அழைக்கப்பட்டது ஹமில்டனின் மாகுர். இந்தக் குழப்பம் இன்னும் பல நூல்களில் தீரவில்லை.

மாறாக, சில பெயர்கள் மீனின் நடத்தையை ஒரே சொல்லில் சொல்லிவிடும். சைனொடொன்டிஸ் நிக்ரிவென்ட்ரிஸ் என்றால் கரிய வயிறு. பொதுவாக மீன்களுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெளிறல். இந்தக் கொங்கோ மீன் மல்லாந்து நீந்துவது. மேலே தெரியும் பக்கம் வயிறு என்பதால் நிறமும் தலைகீழாகிவிட்டது.

இன்னொரு பொறி, ஆங்கிலத்தின் வழியே வந்த 'பூனைமீன்'. வட அமெரிக்கச் சாதியான இக்டலூரஸின் பொருள் மீனும் பூனையும். ஆனால் சிலூரஸில் பூனை இல்லை, மிஸ்டஸில் பூனை இல்லை. கெளிறு என்ற சொல் கைவசம் இருக்கும்போது எங்கள் பத்திரிகைகள் ஏன் பூனையைப் பிடித்துத் தொங்குகின்றன என்பது எனக்கு விளங்கவில்லை.

படி 8: ஒரு மீனை எடுத்துச் செய்து பாருங்கள்

கற்றதைச் சோதிக்க, கறுத்த உடலில் நீளவாட்டில் வெண்கோடுகள் ஓடும் கடற்கெளிற்றை எடுத்துக்கொள்வோம். புளோட்டோசஸ் லினியாட்டஸ் (தன்பேர்க், 1787). அடைப்புக்குறி இருக்கிறது, எனவே முதலில் வேறு சாதி. பட்டியலில் பார்த்தால் சிலூரஸ் லினியாட்டஸ். ஈறு ஆண்பால், சாதியும் ஆண்பால், இணங்குகின்றன. லினியா என்றால் கோடு, கோடுடையது. உடலோடு பொருந்துகிறது. பின்னொரு காலத்தில் புளொக் வைத்த அங்குயில்லாரிஸ், 'விலாங்கு போன்றது', என்ற பெயர் ஏன் கைவிடப்பட்டது? அது 1794இல் வந்தது. ஏழு ஆண்டு பிந்தியது. வாலைப் பார்த்தால் விலாங்குதான் பொருத்தமான பெயர் என்று எவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் முந்தியதே வென்றது.

இந்தப் பயிற்சியை நெகிழி உறைக்குள் இருக்கும் மீனில் செய்யுங்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்களிலும் விஷம் உண்டு, செத்த மீனின் முள்ளும் குத்தும். குத்திவிட்டால் காயத்தைத் தாங்கக்கூடிய சூட்டு நீரில் அமிழ்த்திவைத்து, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

அடுத்த பயிற்சியை உறைமீன் பகுதியில் செய்யலாம். எலும்பு நீக்கிய வெள்ளைச் சதை, பொதியில் பங்காசியஸ் என்றிருக்கும். பண்ணையில் பெரும்பாலும் வளர்க்கப்படுவது பங்காசியனோடோன் ஹைபொஃப்தால்மஸ். பங்காசியஸ் வங்கச் சொல். அன், ஓடோன் சேர்ந்து 'பல்லில்லாத' என்றாகும். அடைமொழியின் பொருள் கீழே கண். வளர்ந்த மீனுக்குப் பல் இல்லாத சாதி என்று பெயர் வைத்தது அதன் மூத்த உறவான மேகொங் ஆற்றுப் பெருங்கெளிற்றைப் பார்த்து. பங்காசியனோடோன் கைகாஸ் என்ற அந்த இராட்சதன் 2005இல் தாய்லாந்தில் 293 கிலோகிராம் எடையில் பிடிபட்டது. வங்கச் சொல்லும் கிரேக்கச் சொல்லும் ஒட்டிய பெயர், வியட்நாமில் வளர்ந்த மீன், யாழ்ப்பாணத்தில் பொரியல்.

குறிப்பெழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வரியில் மீனவர் சொன்ன பெயர், அவர் சொன்ன ஒலியிலேயே. அகராதித் தமிழுக்குத் திருத்த வேண்டாம். இரண்டாம் வரியில் இன்றைய விஞ்ஞானப் பெயர், ஆசிரியரும் ஆண்டும் சேர்த்து. மூன்றாம் வரியில் பழைய பெயர்கள். நான்காம் வரியில் பொருளும் முதல் மாதிரி கிடைத்த ஊரும். கீழே பிடித்த இடமும் திகதியும், கடலா களப்பா குளமா என்பதும். உள்ளூர்ப் பெயருக்குப் பக்கத்தில் அதைச் சொன்னவரின் ஊரையும் குறியுங்கள். தொண்டைமானாற்றில் கேட்ட பெயரை மன்னாரில் சொன்னால் வேறொரு மீனை எடுத்துக் காட்டக்கூடும்.